கோத்தகிரியில் கூரைச் சூரிய மின்சாரம்: ஒரு மதிப்புரை

வீட்டு மின்சாரத்தை யாரிடம் வாங்குவது என்று தேர்ந்தெடுக்கும் வசதி தமிழ்நாட்டில் சாதாரண வீடுகளுக்கு இல்லை. மின் வாரியம் தரும் இணைப்பில் பைக்காரா, குந்தா நீர்மின் நிலையங்களின் மின்சாரமும் அனல் மின்சாரமும் கலந்தே வருகின்றன. ஆகவே பசுமை மின்சாரத்துக்கு நேரான வழி சொந்தக் கூரைதான். கோத்தகிரியில் எங்கள் தகரக் கூரையின் மேல் உள்ளூர் நிறுவனம் ஒன்று பொருத்தித் தந்த 2 கிலோவாட் அமைப்பைப் பற்றி எழுதுகிறேன்.

வேலை நேர்த்தியானது. தகரத்தில் துளையிட்ட இடமெல்லாம் ரப்பர் வாஷர் வைத்து சீலன்ட் பூசினார்கள். அடுத்து வந்த வடகிழக்குப் பருவமழையில் ஒரு சொட்டும் ஒழுகவில்லை. அதைவிட நான் மதிப்பது, பிற்பகலில் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துச் சில்வர் ஓக் நிழல் எதுவரை நீள்கிறது என்று சுண்ணக்கட்டியால் கோடிட்டுப் பார்த்து, அந்த மூலையை விட்டுப் பேனல்களை அமைத்ததைத்தான். ஒரு பேனலின் ஓரத்தில் விழும் நிழல்கூட, தொடராக இணைத்த வரிசையின் உற்பத்தியைக் கணிசமாகக் குறைத்துவிடும்.

குறை, மதிப்பீட்டுத் தாளில் இருந்தது. ஒரு கிலோவாட்டுக்கு நாளொன்றுக்கு 4 யூனிட் என்ற சமவெளிக் கணக்கை ஆண்டு முழுவதற்கும் போட்டிருந்தார்கள். குளிரில் பேனலின் திறன் கூடவே செய்யும், தெளிந்த வானமுள்ள பிப்ரவரியில் அந்தக் கணக்கை நம்பலாம். மூடுபனி விலகாத நவம்பரில் அது பொருந்தாது. கெய்சர் அதிகம் ஓடுவதும் அப்போதுதான். மின் கட்டணம் இரு மாதத்துக்கு ஒருமுறை கணக்கிடப்படுகிறது, முதல் 100 யூனிட் இலவசம், 500 யூனிட்டைத் தாண்டினால் விகிதம் ஏறுகிறது. இப்படியிருக்க, மாதவாரி உற்பத்தியைக் கேட்டு வாங்காமல் அமைப்பின் அளவை முடிவு செய்யக் கூடாது. 2024இல் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் 2 கிலோவாட்டுக்கு 60,000 ரூபாய் மானியம் உண்டு என்றாலும், மாதம் ஐம்பது யூனிட்டுக்குள் செலவழிக்கும் சிறு வீட்டுக்கு இது மிச்சம் தராது.

மரம் விழுந்து கம்பி அறுந்தால் பகலிலும் வீடு இருட்டுதான். லைனில் வேலை செய்பவர்களின் உயிரைக் காக்க, பேனலின் மின்சாரத்தை வீட்டுக்கு ஏற்றபடி மாற்றித் தரும் இன்வெர்ட்டர், மின்தடை ஏற்பட்டவுடன் தானாக நின்றுவிடும். பேட்டரி வேண்டுமா என்பதை விற்பவர் முதல் நாளே கேட்டிருக்க வேண்டும்.

சமையல் எரிவாயுவுக்கு இத்தனை நல்ல மாற்று இல்லை. சாண எரிவாயுக் கலன் எங்கள் குளிரில் மந்தமாகிவிடும் என்பதால், வெயில் உள்ள பகலில் இண்டக்‌ஷன் அடுப்பு, மற்ற நேரத்தில் சிலிண்டர் என்று வைத்திருக்கிறோம். நிறுவனத்தை நம்பி அழைக்கலாம். மதிப்பீட்டை மட்டும் மலைக்கு ஏற்றபடி மறுபடி போடச் சொல்லிவிட்டுக் கையெழுத்திடுங்கள்.