பயிலரங்குக்கு யார் கணினி? சில வழிகள், ஓர் அலசல்

மாநாட்டில் உரை நிகழ்த்துவது சுலபம். ப்ரொஜெக்டரும் மைக்கும் வேலை செய்தால் போதும். கேட்பவர் தூங்கினாலும் உரை நடந்து முடிந்துவிடும். செய்முறைப் பயிலரங்கு அப்படியில்லை. நாற்பது பேரிடமும் ஒரே நேரத்தில் ஒரே மென்பொருள் ஓட வேண்டும். நிகழ்ச்சி நிரலில் மூன்று மணி நேரம் என்று போட்டிருக்கும். அதில் முதல் ஒரு மணி நேரம் "எனக்கு எரர் வருது" என்பதிலேயே கரைந்துபோன அறைகளில் நானும் நின்றிருக்கிறேன், ஒருமுறை கையில் மைக்கோடு.

பைத்தான் நிரலாக்கம், தரவு அலசல் போன்ற பயிற்சிகளை மனதில் வைத்தே எழுதுகிறேன். எந்த வழியைப் பிடித்தாலும் சிக்கல் ஒழியாது, இடம் மாறும், அவ்வளவுதான். அது யார் தலையில், எப்போது விழுகிறது என்பதுதான் என் கணக்கு. முந்தின நாள் ராத்திரி என் தலையில் விழுந்தால் பரவாயில்லை. பயிற்சி நேரத்தில், கற்றுக்கொள்ள வந்தவர் தலையில் விழக் கூடாது.

சொந்த லேப்டாப், வீட்டிலேயே நிறுவிக்கொண்டு வருவது

ஏற்பாட்டாளருக்குச் செலவே இல்லை என்பதால் எல்லோரும் முதலில் நினைப்பது இதைத்தான். உண்மையான லாபம் வேறு: கற்றதை அன்று மாலையே வீட்டில் தொடரலாம். மற்ற வழிகள் எதிலும் இது இவ்வளவு இயல்பாக அமையாது.

ஆனால் நிறுவும் முறையை விளக்கி அனுப்பிய மின்னஞ்சலைப் பாதிப் பேர் படிப்பதில்லை. படித்தவர்களிலும் சிலர் அலுவலக லேப்டாப்போடு வருவார்கள். அதில் எதை நிறுவவும் அட்மின் அனுமதி வேண்டும், அட்மினோ அலுவலகத்தில் இருப்பார். 2020 இறுதியில் ஆப்பிளின் எம்1 சிப் வந்த பிறகு, இன்டெல் கணினிகளுக்காகச் செய்த டாக்கர் இமேஜ் (மென்பொருளை அதற்குத் தேவையான எல்லாவற்றோடும் சேர்த்துக் கட்டிய பொதி) புது மேக்கில் ஊர்ந்து போவதும் சேர்ந்துகொண்டது.

"நிறுவிவிட்டீர்களா?" என்று கேட்டால் எல்லோரும் "ஆம்" என்றுதான் சொல்வார்கள். அதனால் அப்படிக் கேட்பதை விட்டுவிட்டேன். தேவையான நூலகங்களை (ஆயத்த நிரல் தொகுப்புகளை) எல்லாம் ஏற்றிப் பார்த்து, கடைசியில் ஒரு சொல்லை மட்டும் திரையில் காட்டும் சின்ன நிரலை அனுப்புவேன். அந்தச் சொல்லைத் திருப்பி அனுப்பினால்தான் இடம் உறுதி. கொஞ்சம் கறார்தான், ஆனால் பலன் தருகிறது.

"அறைக்கு வந்து இறக்கிக்கொள்ளலாம்" என்பவர்களுக்கு ஒரு கணக்கு. ஆளுக்கு 2 ஜிபி என்றால் நாற்பது பேருக்கு 80 ஜிபி. நொடிக்கு 100 மெகாபிட் இணைப்பு முழு வேகத்தில் ஓடினாலும் ஒன்றே முக்கால் மணி நேரம் ஆகும். முழு வேகத்தில் ஓடாது என்பது வேறு விஷயம். போதாக்குறைக்கு, அரங்கத்தில் இருக்கும் எல்லோரும் பெரும்பாலும் ஒரே பொது ஐபி முகவரியில்தான் (இணையத்தில் ஓர் இணைப்பை அடையாளம் காட்டும் எண்) வெளியே போகிறார்கள். டாக்கர் இமேஜ்கள் இருக்கும் தளமான டாக்கர் ஹப் 2020 நவம்பரில் கட்டுப்பாடு கொண்டுவந்தபோது, லாகின் செய்யாதவர்களுக்கு ஒரு முகவரிக்கு 6 மணி நேரத்தில் 100 முறைதான் இறக்கலாம் என்று வைத்தது. நாற்பது பேர் ஆளுக்கு மூன்று இமேஜ் இழுத்தால் முடிந்தது கதை. பக்கத்து அறையிலும் ஒரு டாக்கர் பயிலரங்கு நடந்தால் சொல்லவே வேண்டாம்.

இலவச கிளவுட்

வேறெங்கோ இருக்கும் கணினியில், பிரவுசர் வழியாகவே நிரலை ஓட்டித் தரும் சேவைகள் கூகுள் கொலாப், கிட்ஹப் கோட்ஸ்பேசஸ், பைண்டர் என்று மூன்று இருக்கின்றன. மூன்றையும் ஒரே தட்டில் வைக்க முடியாது.

கொலாப்பில் பிரவுசரைத் திறந்தால் வேலை தொடங்கிவிடும். கூகுள் கணக்கு இல்லாதவர் அரிது. ஒன்றரை மணி நேரப் பயிற்சி, நோட்புக் (நிரலையும் விடையையும் 'செல்' எனும் கட்டம் கட்டமாகக் காட்டும் பக்கம்) மட்டும் போதும் என்றால் நான் யோசிக்காமல் இதைத்தான் எடுப்பேன். தேநீருக்குப் போய் ரொம்ப நேரம் கழித்து வந்தால் இணைப்பு அறுந்து, ஏற்றிவைத்த தரவெல்லாம் காணாமல் போயிருக்கும். இடைவேளை முடிந்ததும் "மேலிருந்து எல்லா செல்லையும் ஒருமுறை ஓட்டுங்கள்" என்று சொல்லப் பழகிக்கொள்ள வேண்டும்.

கோட்ஸ்பேசஸ் முழு எடிட்டர், முழு டெர்மினல் (கட்டளை தட்டும் சாளரம்) தருகிறது. தனிநபர் கணக்குக்கு மாதம் 120 கோர் மணி நேரம் (செயலியின் ஒரு கோர் ஒரு மணி நேரம் ஓடினால் ஒன்று) இலவசம். இரண்டு கோர் இயந்திரம் என்றால் 60 மணி நேரம். பயிலரங்குக்குத் தாராளம். ஆனால் நிரல்களைச் சேமிக்கும் தளமான கிட்ஹப்பில் கணக்கு வேண்டும். இல்லாதவர் அறையில் உட்கார்ந்து கணக்கு தொடங்கினால், சரிபார்ப்பு எண் மின்னஞ்சலுக்கு வரும், மின்னஞ்சல் பாஸ்வேர்டு மறந்திருக்கும். அப்புறம் அது தனிக் கதை.

பைண்டருக்குக் கணக்கே வேண்டாம். ஆனால் பொதுச் சேவையில் ஆளுக்கு ஒன்றிரண்டு ஜிபி நினைவகம்தான், பத்து நிமிடம் கையை எடுத்தால் மூடிக்கொள்ளும். பதினைந்து நிமிடச் செய்முறைக் காட்டலுக்குச் சரி, மூன்று மணி நேரத்துக்குச் சரிவராது.

மூன்றும் அரங்கத்தின் வைஃபையை நம்பித்தான் இருக்கின்றன. அங்கே வேகத்தை மட்டும் பார்த்தால் போதாது. பல வைஃபை ரவுட்டர்களின் வழக்கமான அமைப்பில் ஒரு வலையமைப்பில் 254 முகவரிகள்தான் தர முடியும். 150 பேர் போனும் லேப்டாப்புமாக வந்தால் 300 கருவிகள். கடைசியில் வந்தவர்களுக்கு வைஃபை குறி முழுதாகக் காட்டும், ஆனால் முகவரி கிடைக்காது, எதுவும் திறக்காது.

சொந்த செர்வர்

என் ஓட்டு இதற்குத்தான். வாடகைக்கு ஒரு கிளவுட் இயந்திரம் எடுத்து, அதில் 'தி லிட்டிலஸ்ட் ஜுபிட்டர்ஹப்' (பலருக்கும் பிரவுசரிலேயே ஜுபிட்டர் நோட்புக் தரும் மென்பொருள்) நிறுவினால் நூறு பேர் வரை ஒரே செர்வரில் சமாளிக்கலாம். வந்தவர் முகவரியைத் தட்டி, பெயரும் பாஸ்வேர்டும் கொடுத்தால் எல்லோருக்கும் ஒரே பதிப்பு, ஒரே தரவு. போன வாரம் வெளியான புதுப் பதிப்பு ஒருவரிடம் மட்டும் இருந்து வம்பு செய்யாது.

சிக்கல் முழுக்க என் தலையில், அதுவும் முந்தின நாளே. நினைவகம் போதாமல் போவதுதான் முதல் ஆபத்து. ஆளுக்கு 1 ஜிபி, நாற்பது பேர் என்றால் 40 ஜிபிக்குக் கொஞ்சம் மேல். 64 எடுத்துக்கொள்ளுங்கள். தனியாகச் சோதிக்கும்போது ஒரு பெரிய தரவுக் கோப்பு நொடியில் திறக்கும். நாற்பது பேரும் ஒரே நிமிடத்தில் திறக்கும்போதுதான் செர்வர் படுக்கும். ஆளுக்கு இவ்வளவுதான் என்று வரம்பு வைத்துவிட்டால், ஒருவர் தவறு மற்றவர்களைக் கவிழ்க்காது.

இரண்டாவது ஆபத்து கண்ணுக்குத் தெரியாதது. பிரவுசருக்கும் செர்வருக்கும் நடுவில் திறந்தே இருக்கும் வெப்சாக்கெட் என்ற இணைப்பு வழியாகத்தான் ஜுபிட்டர் பேசுகிறது. சில அரங்கங்களின் ஃபயர்வால் அதைத் தடுத்துவிடும். பக்கம் அழகாகத் திறக்கும், எழுதலாம், ஓட்டு என்று அழுத்தினால் செல்லுக்குப் பக்கத்தில் நட்சத்திரக் குறி மட்டும் அசையாமல் நிற்கும். பல நேரம் எரர் செய்திகூட வராது. முந்தின நாள் அரங்கத்துக்கே போய், அந்த வைஃபையிலேயே ஒரு செல்லை ஓட்டிப் பார்ப்பதைத் தவிர வேறு மருந்து இல்லை. நான் இதை வீட்டில் சோதித்துவிட்டு நிம்மதியாகத் தூங்கி, மறுநாள் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

முடிந்த அன்றே இயந்திரத்தை அழித்துவிடாதீர்கள். ஒரு வாரம் விட்டுவைத்தால் அவரவர் எழுதியதை எடுத்துக்கொள்வார்கள்.

பென்டிரைவ்

நெட் சுத்தமாக இல்லாத இடத்தில் இதுதான் கதி. ஆளுக்கு ஒன்று செய்யப் போனால், விலை குறைந்த டிரைவில் 4 ஜிபி எழுதவே ஆறேழு நிமிடம் ஆகும். நாற்பதுக்கு ஒவ்வொன்றாக நாலரை மணி நேரம். எட்டு போதும், வரிசைக்கு ஒன்றாகக் கைமாறட்டும். ஃபேட்32 என்ற பழைய கோப்பு அமைப்பில் ஃபார்மட் செய்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பு ஏறாது, எக்ஸ்ஃபேட் போடுங்கள். யூஎஸ்பி-சி துளை மட்டும் உள்ள லேப்டாப்புக்கு இரண்டு அடாப்டர் பையில் இருக்கட்டும். பென்டிரைவையே அனுமதிக்காத அலுவலக லேப்டாப்பை மட்டும் ஒன்றும் செய்ய முடியாது.

இதையே ரவுட்டர் ஒன்றைக் கையோடு கொண்டுபோய் இன்னும் நன்றாகச் செய்யலாம். உங்கள் லேப்டாப்பிலிருந்தே கோப்புகளைப் பரிமாறலாம், வெளி நெட் தேவையில்லை. அரங்கத்தின் வைஃபையில் இதை முயலாதீர்கள். பாதுகாப்புக்காகக் கருவிகள் ஒன்றோடொன்று பேச முடியாதபடி பெரும்பாலும் தடுத்திருப்பார்கள்.

அரங்கத்தின் கணினிக்கூடம்

கிடைத்தால் நல்லது. பழைய பதிப்புகள் இருக்கும், அட்மின் பாஸ்வேர்டு வேறு யாரிடமாவது இருக்கும். ஒன்றில் எல்லாவற்றையும் நிறுவி, அதையே மற்றவற்றுக்கும் நகலெடுக்க அனுமதித்தால் ஒத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் சொந்த செர்வரைத் திறக்க அங்கே பிரவுசர் இருக்கிறதல்லவா, அது போதும்.

ஆர்டுயினோ போன்ற சிறு மின்னணுப் பலகைகளை வைத்துச் செய்யும் பயிற்சிக்கு மேலே சொன்னதெல்லாம் தலைகீழ். பலகையைச் செருக லேப்டாப்பின் துளை வேண்டும், கிளவுட் பெரிதாக உதவாது. அங்கே மென்பொருளைவிடக் கேபிள்தான் வில்லன். வீட்டில் கிடக்கும் யூஎஸ்பி கேபிள்களில் சில வெறும் சார்ஜ் செய்ய மட்டுமே; உள்ளே தரவுக் கம்பியே இருக்காது. பலகையில் விளக்கு எரியும், கணினிக்குப் பலகை தெரியாது. அரை மணி நேரம் டிரைவர் மென்பொருளைத் தேடி அலைந்த பிறகு பக்கத்துக்காரர் கேபிளை மாற்றிப் போட்டால் உடனே வேலை செய்யும். கேபிளை நீங்களே கொடுத்துவிடுங்கள்.

எந்த வழியானாலும் மின்சாரம் பொது. 65 வாட் சார்ஜர் நாற்பது என்றால் 2600 வாட். அதை ஒரே சுவர்ப் பிளக்கிலிருந்து எக்ஸ்டென்ஷன் மேல் எக்ஸ்டென்ஷனாக இழுக்கக் கூடாது. இருக்கைகளை அரங்கத்தாரிடம் சொல்லும்போது "மேஜை வேண்டும்" என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் நாற்காலி வரிசை மட்டும் போட்டு வைத்திருப்பார்கள். வரிசைகளுக்கு நடுவில் உதவியாளர் நுழைய இடம் வேண்டும். பத்துப் பேருக்கு ஓர் உதவியாளர் என்பது என் கணக்கு.

1998 முதல் ஆய்வாளர்களுக்கு நிரலாக்கம் கற்றுத்தரும் சாஃப்ட்வேர் கார்பென்ட்ரி பயிலரங்குகளில் ஒரு பழக்கம் உண்டு: ஆளுக்கு இரண்டு நிறத்தில் ஒட்டுத்தாள். முடித்தவர் ஒரு நிறத்தை லேப்டாப் மூடியில் ஒட்டுவார், மாட்டிக்கொண்டவர் இன்னொன்றை. கை தூக்கக் கூச்சப்படுபவரும் தாளை ஒட்டிவிடுவார். வாங்கும்போது சிவப்பு, பச்சை வேண்டாம். அந்த இரண்டையும் பிரித்தறிய முடியாத உதவியாளர் ஒருவர் இருந்தால் குழப்பம்தான். மஞ்சளும் நீலமும் வாங்குங்கள்.