ஒன் பீஸ் உலகத்தின் வரலாற்றைத் தோண்டுவது: நீண்ட காலப் பயன்பாட்டில் எந்த மூலம் கைகொடுக்கிறது?

1997 ஜூலை 22 அன்று வீக்லி ஷோனென் ஜம்ப் இதழில் தொடங்கிய எய்ச்சிரோ ஓடாவின் ‘ஒன் பீஸ்’ மங்கா (ஜப்பானியச் சித்திரக்கதை) இன்று 1,100 அத்தியாயங்களையும் 110 தொகுதிகளையும் தாண்டிவிட்டது. கதையைப் படித்துக்கொண்டே போவது ஒரு வேலை. அந்த உலகம் எப்படிக் கட்டப்பட்டது, அதன் வரலாற்றிலிருந்து மறைக்கப்பட்ட ஒரு நூறாண்டில் என்ன நடந்தது என்று தோண்டுவது முற்றிலும் வேறு வேலை. மங்கா, கேள்விப் பக்கங்கள், தரவு நூல்கள், அனிமே, விக்கி என எல்லாவற்றையும் பல ஆண்டுகள் புழங்கியபின் எதை எவ்வளவு நம்பலாம் என்பது பற்றியே இந்தப் பகிர்வு. கதையின் பிற்பகுதியில் வரும் எக்ஹெட் தீவு வரைக்குமான முடிச்சுகள் இங்கே அவிழ்க்கப்படுகின்றன. அதுவரை வராதவர்கள் படித்துவிட்டு வரவும்.

முதல் வேலை வரலாறு அல்ல, புவியியல். இதைத் தவிர்த்துவிட்டுக் காலவரிசை எழுத உட்காருபவர்கள் பாதியில் குழம்புவது நிச்சயம். தட்டையான வரைபடம் போதாது. ஓர் ஆரஞ்சுப் பழத்தையும் இரண்டு ரப்பர் பேண்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். மேலிருந்து கீழாகச் சுற்றும் பேண்ட் ரெட் லைன். அது ஒரே நீண்ட கண்டம். அதற்குக் குறுக்கே இடுப்பில் சுற்றுவது கிராண்ட் லைன் என்னும் கடல்வழி. இரண்டும் வெட்டிக்கொள்ளும் புள்ளிகள் இரண்டுதான். ஒன்று ரிவர்ஸ் மலை. நான்கு கடல்களிலிருந்தும் நீரோட்டம் மேலேறி கிராண்ட் லைனில் இறங்கும் இடம். மறுபக்கத்துப் புள்ளியில், கண்டத்தின் உச்சியில் உலக அரசின் தலைநகரான மேரி ஜுவா, அடியில் 10,000 மீட்டர் ஆழத்தில் மீன்மனிதர் தீவு. மிஞ்சும் நான்கு துண்டுகளும் நான்கு ‘புளூ’ கடல்கள். கிராண்ட் லைனின் இரு கரையிலும் காற்றே இல்லாத காம் பெல்ட், அதற்குள் ராட்சதக் கடல்விலங்குகள். இப்படி வைத்துப் பார்த்தால்தான் கிராண்ட் லைனின் இரண்டாம் பாதியான புதிய உலகத்துக்குள் நுழைய ஏன் பெரும்பாலான கடலோடிகள் மீன்மனிதர் தீவு வழியாகவோ மேரி ஜுவா வழியாகவோ போக வேண்டியிருக்கிறது என்பது கைக்குப் பிடிபடும்.

அடுத்து 105ஆம் அத்தியாயம். ரிவர்ஸ் மலையடியில் கலங்கரை விளக்கம் காக்கும் குரோக்கஸ் அங்கே லாக் போஸ் என்னும் கிராண்ட் லைன் திசைகாட்டி பற்றி விளக்குகிறார். ஒவ்வொரு தீவுக்கும் தனிக் காந்தப்புலம் இருப்பதால் சாதாரணத் திசைகாட்டி உதவாது. தீவில் தங்கினால் ஊசி அடுத்த தீவின் புலத்தைப் ‘பதிவு’ செய்துகொள்ளும். பதிவாகும் நேரம் தீவுக்குத் தீவு மாறும். லிட்டில் கார்டனில் முழுதாக ஓராண்டு பிடிக்கும். ரிவர்ஸ் மலையிலிருந்து பிரியும் வழிகள் ஏழு, எல்லாம் கடைசியில் ஒரே தீவில் சேரும். குறிப்பேட்டில் இந்த ஏழு கோடுகளையும் போட்டு, கதாநாயகன் லூஃபியின் குழு போன வழியை மட்டும் அடர்த்தியாக வரையுங்கள். மற்ற ஆறு வழிகளில் என்ன இருக்கிறது என்று நாம் கிட்டத்தட்ட ஒன்றும் பார்க்கவில்லை என்பது அப்போதுதான் உறைக்கும். ‘அந்தத் தீவைக் கதாசிரியர் மறந்துவிட்டார்’ என்ற புகார்களில் பாதி அங்கேயே அடங்கிவிடும்.

குறிப்பேட்டில் ‘யார் சொன்னது’ என்று ஒரு நெடுவரிசை கட்டாயம் வேண்டும். இந்த முறைக்கே உயிர் அதுதான். அத்தியாய எண், செய்தி, சொன்னவர், அவருக்கு அது எப்படித் தெரியும் என்று நான்கு நெடுவரிசைகள் போதும். 395ஆம் அத்தியாயத்தில் அறிஞர் தீவான ஓஹாராவின் பேராசிரியர் குளோவர் பேசுவது கருதுகோள்: 900 ஆண்டுக்கு முன்புக்கும் 800 ஆண்டுக்கு முன்புக்கும் இடைப்பட்ட, மறைக்கப்பட்ட அந்த ‘வெற்று நூற்றாண்டில்’ ஒரு பெரும் அரசு இருந்தது, அதை வீழ்த்தியவர்களே உலக அரசை நிறுவினார்கள் என்பது அவர் ஊகம். அந்த அரசின் பெயரைச் சொல்ல வாயெடுக்கும்போதே சுடப்படுகிறார். அவர் சொன்னதை உறுதியான வரலாறாகப் பதிந்துவிட்டுப் பிறகு விஞ்ஞானி வேகாபங்க்கின் செய்தியோடு ஒப்பிட்டால், இரண்டு ஊகங்கள் சேர்ந்து ஓர் உண்மைபோல வேடம் போடும். குரோக்கஸ் நிலை வேறு. அவர் கடற்கொள்ளையர் மன்னன் ரோஜரின் கப்பலில் வைத்தியராகப் போனவர். கடலைப் பற்றி அவர் சொல்வது கண்ணால் கண்ட சாட்சி.

போனெக்ளிஃப் என்னும் பழங்காலக் கல்வெட்டுகளின் கணக்கிலும் இதே கவனம் வேண்டும். 818ஆம் அத்தியாயத்தில் பெட்ரோ கொடுக்கும் கணக்கின்படி உலகில் இருப்பவை ஏறத்தாழ 30. அவற்றுள் நான்கு சிவப்பு நிறத்து ரோட் போனெக்ளிஃப்கள். நான்கும் காட்டும் நான்கு புள்ளிகளை இணைத்தால் கடைசித் தீவு கிடைக்கும். பலர் ‘நான்கு கற்கள்தான் வரலாற்றைச் சொல்கின்றன’ என்று எழுதுகிறார்கள். அது தவறு. அந்த நான்கும் வழிகாட்டிக் கற்கள். வரலாற்றைச் சொல்பவை வேறு, பழங்கால ஆயுதத்தைப் பற்றிச் சொல்பவை வேறு.

மொழிபெயர்ப்பில் போவதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். ஓடா ஒரு சொல்லைச் சீன எழுத்தில் எழுதி, அதன் பக்கத்தில் சிறு எழுத்தில் வேறோர் ஒலிப்பைக் கொடுப்பார். ஒலிப்பு ‘ரெட் லைன்’, எழுத்தின் பொருள் ‘சிவந்த மண்ணின் கண்டம்’. ஒலிப்பு ‘போனெக்ளிஃப்’, பொருள் ‘வரலாற்றின் மூலப்பாடம்’. ‘ஒன் பீஸ்’ என்ற ஒலிப்பின்மேல் நிற்கும் எழுத்துகள் ‘ஒன்றாகத் தொடுக்கப்பட்ட பெரும் புதையல்’ என்கின்றன. மொழிபெயர்ப்பில் பெரும்பாலும் ஒலிப்பு மட்டும் மிஞ்சுகிறது, பொருள் உதிர்ந்துபோகிறது. உலகத்தின் அமைப்பைத் தேடுபவருக்கு இது பெரிய இழப்பு. ஜப்பானியம் தெரியாதவர்களும் முக்கியமான இருபது சொற்களுக்கு மட்டுமாவது எழுத்துப்பொருளைத் தேடி எழுதி வைத்துக்கொண்டால் போதும்.

கடைசித் தீவின் பெயர் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. பல ஆண்டுகள் ‘ராஃப்டெல்’ என்றே எல்லோரும் படித்தார்கள். 967ஆம் அத்தியாயத்தில் ரோஜர் அங்கே போய்ச் சிரித்த பிறகுதான் அது ‘லாஃப் டேல்’, சிரிப்புக் கதை என்று மங்காவில் தெளிவானது. ஜப்பானியத்தில் ரகரமும் லகரமும் ஒரே ஒலி. இரண்டையும் பிரித்துச் சொல்லும் தமிழ்க் காதுக்கு அந்தக் குழப்பம் எளிதில் புரியும். ரோஜரின் பெயரும் அப்படியே. ‘கோல்ட் ரோஜர்’ என்று தொடக்கத்தில் கேட்டது, 154ஆம் அத்தியாயத்தில் மருத்துவர் குரேஹா வாயால் ‘கோல் டி. ரோஜர்’ ஆகிறது. ஆகவே பெயரை வைத்துக் கோட்பாடு கட்டுமுன் ஜப்பானிய எழுத்தைப் பாருங்கள்.

அட்டைப் பக்கத் தொடர்களைத் தாண்டாதீர்கள். அத்தியாயத்தின் முதல் பக்கத்தில் ஒரே ஒரு படமாக வரும் சிறுகதைகள் அவை. 428ஆம் அத்தியாயம் தொடங்கி வரும் எனெல் தொடர் வானவியல் தேடுபவருக்குப் பொக்கிஷம். ஸ்கைபியா வானத்தீவைக் கடவுள் என்று சொல்லி ஆண்டு, தோற்றபின் நிலாவுக்குப் போகும் எனெல் அங்கே பிர்கா என்ற பழைய நகரத்தைக் காண்கிறான். அவன் பிறந்த வானத்தீவின் பெயரும் பிர்காதான். சிறகுள்ள மக்கள் வளம் தீர்ந்து நீலக் கோளுக்கு இறங்கியதை அங்குள்ள சுவரோவியம் காட்டுகிறது. வெண்கடல் 7,000 மீட்டர், அதற்கும் மேலே 10,000 மீட்டர் என்று ஸ்கைபியா பகுதியில் படித்த உயர அடுக்குக்கு மேலே இன்னும் ஒரு படி இருந்தது இப்படித்தான் தெரிகிறது. அனிமே மட்டும் பார்ப்பவர்களுக்கு இந்தப் படி கிடைக்காது.

நான்காம் தொகுதியில் தொடங்கிய எஸ்பிஎஸ் என்னும் வாசகர் கேள்வி பதில் தொகுதி நூல்களில்தான் அச்சாகிறது; வார அத்தியாயத்தில் வராது. செயலியில் புது அத்தியாயம் மட்டும் படிப்பவர்கள் இதைத் தவற விடுகிறார்கள். அதில் விளையாட்டும் தகவலும் கலந்தே இருக்கும். பிறந்தநாள் பெரும்பாலும் எண் ஒலிச் சிலேடை: நாமிக்கு ஜூலை 3, ஏனென்றால் ‘ந’ ஏழு, ‘மி’ மூன்று. அதில் ஆழ்ந்த குறிப்பு தேட வேண்டாம். உலகத்தின் இயக்கம் பற்றி நேராகக் கேட்ட கேள்விக்கு நேராகச் சொன்ன பதிலை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

தரவு நூல்களில் 2002இல் வந்த ‘ரெட்’, ‘புளூ’ இரண்டும் அந்தக் காலத்து நிலவரம்; இன்று அவற்றை ஆதாரமாகக் காட்டுவது பழைய பஞ்சாங்கத்தில் இந்த ஆண்டு நாள் பார்ப்பது மாதிரி. 2010இன் ‘கிரீன்’ நூலில் கதை உருவான காலத்துப் பழைய குறிப்புகள் உண்டு. ஆர்வத்துக்கு அருமை, ஆதாரத்துக்கு ஆகாது. கைவிடப்பட்ட யோசனைகளும் அதில் கலந்திருக்கின்றன. 2018இல் தொடங்கிய ‘விவ்ரே கார்டு’ அட்டைகள் பெயர், வயது, உயரம் சரிபார்க்க நல்லது.

அனிமே 1999 அக்டோபர் 20 முதல் ஓடுகிறது. இசைக்காகவும் கடலின் அளவை உணர்வதற்காகவும் தாராளமாகப் பார்க்கலாம். ஆனால் 196 முதல் 206 வரையான ஜி-8 கோட்டைப் பகுதிபோல மங்காவில் இல்லாத இடங்கள், எவ்வளவு சிறப்பாக இருந்தாலும், வரைபடத்தில் சேர்க்கப்படக்கூடாது. விக்கியைப் பொறுத்தவரை, அடிக்குறிப்பில் அத்தியாய எண் இருக்கும் வாக்கியத்தை மட்டும் எடுத்து, அந்த அத்தியாயத்தைத் திறந்து சரிபார்ப்பது ஒன்றே வழி.

கடல்மட்டம் பற்றி இப்போது மிகுதியாக நடக்கும் பிழை ஒன்றையும் சொல்லியாக வேண்டும். 1089ஆம் அத்தியாயத்தில், லுலூசியா நாடு அழிந்தபின், உலகெங்கும் கடல் 1 மீட்டர் உயர்கிறது. வெற்று நூற்றாண்டுக் காலத்தில் 200 மீட்டர் உயர்ந்தது என்று வேகாபங்க் பின்னர் அறிவிக்கிறார். உடனே வானோ நாட்டின் அடியில் மூழ்கிக் கிடக்கும் பழைய நாட்டை இதற்குச் சான்றாகக் காட்டுகிறார்கள். அது பொருந்தாது. 1055ஆம் அத்தியாயத்தில் சுகியாகி சொல்வதன்படி, நாட்டைச் சுற்றி எழுப்பிய மதிலுக்குள் மழைநீர் தேங்கித்தான் பழைய வானோ மூழ்கியது. கடலோடு ஒப்பிட வேண்டியது வாட்டர் 7: மூழ்கிய பழைய ஊரின்மேல் புது ஊர் கட்டி, ஆண்டுக்கு ஆண்டு ஏறும் நீரோடு வாழும் நகரம் அது. ஆரஞ்சுப் பழத்தில் அந்தத் தீவைக் குறித்துவிட்டு, அதன் பகுதியை மறுபடி ஒருமுறை படித்துப் பாருங்கள்.