லீஸ் டெஸ்லாவுக்குப் புதுச் சக்கரம்: 18 அங்குலமா, 20 அங்குலமா?

அமெரிக்காவில் டெஸ்லாவின் மின்சாரக் காரான மாடல் 3-ஐ மூன்று வருட லீஸுக்கு எடுப்பவர்களுக்குச் சக்கரம் மாற்றும் ஆசை சீக்கிரமே வந்துவிடும். கம்பெனிச் சக்கரங்களைக் கராஜில் பத்திரமாக அடுக்கிவைத்து, திருப்பிக் கொடுக்கும்போது மாட்டிவிட்டால் பெரும்பாலும் பிரச்சினை இல்லை. ஒப்பந்தத்தை மட்டும் முதலில் படித்துவிடுங்கள்.

20 அங்குலம் அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் டயரின் பக்கச்சுவர் மெலிந்துவிடும். பள்ளத்தில் இறங்கினால் அடியை ரிம்மே வாங்கிக்கொள்ளும். ரேஞ்சும், அதாவது ஒரு சார்ஜில் ஓடும் தூரமும் குறையும்.

18 அங்குலத்தில் கம்பெனி போடும் அதே 235/45 அளவு டயர் (235 மி.மீ. அகலம், பக்கச்சுவர் உயரம் அதில் 45 சதவீதம்) போடலாம், ஸ்பீடோமீட்டர் பிசகாது. எடை குறைந்த ரிம்மாகப் பார்த்து வாங்கினால் கம்பெனி ரேஞ்சை ஏறக்குறைய அப்படியே காப்பாற்றலாம். நான் 18 பக்கம்தான்.

எதை வாங்கினாலும் போல்ட் அமைப்பு 5x114.3, அதாவது 114.3 மி.மீ. விட்டமுள்ள வட்டத்தில் ஐந்து போல்ட். நான்கு சக்கரமும் இயங்கும் லாங் ரேஞ்ச் கார் 1,800 கிலோவைத் தாண்டும், அதனால் கூடுதல் எடை தாங்கும் எக்ஸ்எல் டயர்தான் வேண்டும். காற்றழுத்த சென்ஸாரில்தான் பலரும் ஏமாறுவது: 2021 மாடல் முதல் புளூடூத் வகை, பழையதை மாட்டினால் திரையில் மஞ்சள் விளக்கு அணையவே அணையாது.

அப்புறம், ஜாக் வைக்கும் இடம். அடியில் முழுக்க பேட்டரி. குறித்த நான்கு துளைகளில் ரப்பர் பக் (சிறிய வட்டக் கட்டை) செருகித்தான் தூக்க வேண்டும். நட்டை 175 நியூட்டன் மீட்டருக்கு முறுக்குங்கள்.