லாங்வுட் சோலையில் மூன்று மணி நேரம்: ஒரு வழிகாட்டி நடையின் மதிப்புரை

பன்னிரண்டாம் வகுப்பில் சூழலியல் பாடம் படித்துக்கொண்டிருக்கும் என் அண்ணன் மகளுக்கு ஒட்டுண்ணி, தொற்றுத் தாவரம், சிதைப்பவை என்ற சொற்களெல்லாம் மனப்பாடம். அவற்றில் ஒன்றையாவது கண்ணால் பார்த்திருக்கிறாயா என்று கேட்டால் பதில் வராது. அதனால்தான் பொங்கல் விடுமுறையில் அவளைக் கோத்தகிரிக்கு அழைத்துச் சென்று, உள்ளூர் இளைஞர்கள் சிலர் வனத்துறையின் அனுமதியுடன் லாங்வுட் சோலையில் நடத்தும் காலை நடையில் சேர்ந்துகொண்டேன். தேயிலைத் தோட்டங்களுக்கும் ஊர்களுக்கும் நடுவே 116 ஹெக்டேர் அளவில் எஞ்சி நிற்கும் இந்தச் சோலை, உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களைக் கொண்ட ராம்சார் பட்டியலில் 2024ஆம் ஆண்டு இடம்பெற்றது. ஏரியோ குளமோ கண்ணில் படாத ஒரு காட்டை ஈரநிலம் என்பானேன் என்ற ஐயத்துடன்தான் உள்ளே நுழைந்தேன்.

எங்களுக்கு வழிகாட்டியவர் பக்கத்து ஹட்டியை (படுகர் ஊர்) சேர்ந்த இளைஞர். விலங்குகளைக் காட்டுவதாக அவர் வாக்குக் கொடுக்கவில்லை. நுழைந்து நூறு அடி நடப்பதற்குள் ஒரே மரத்தின் கீழ் எங்களை நிற்கவைத்து, ஏறத்தாழ நாற்பது நிமிடம் அங்கேயே வைத்திருந்தார். இந்தச் சேவையின் சிறப்பு முழுவதும் அந்த நாற்பது நிமிடத்தில் இருக்கிறது. கிளையொன்றில் வேறு நிற இலைகளோடு புல்லுருவி செழித்திருந்தது. அது தன் இலைகளால் தானே உணவு தயாரித்துக்கொண்டாலும், நீரையும் உப்புகளையும் மரத்திலிருந்துதான் உறிஞ்சுகிறது என்று விளக்கிவிட்டு, "கொஞ்சம் பொறுங்க தங்கச்சி, அதோட கூட்டாளி வரும்" என்றார். சற்று நேரத்தில் கட்டைவிரலைவிடச் சிறிது பெரிதான நீலகிரிப் பூக்கொத்தி ஒன்று வந்து அமர்ந்தது. புல்லுருவியின் பழத்தை அது விழுங்க, பசைபோல் ஒட்டும் விதை எச்சத்தோடு வெளிவந்து இன்னொரு கிளையில் பற்றிக்கொள்கிறது. பூக்கும் காலத்தில் மகரந்தத்தைக் கொண்டுசெல்வதும் இதே பறவைதான். ஆக, மரத்துக்குச் சுமையாக இருக்கும் செடியே பறவைக்கு உணவாகிறது, பறவை அந்தச் செடியின் சந்ததிக்கு வழிசெய்கிறது. அதே மரத்தில் இருந்த, தொற்றுத் தாவரமான ஆர்க்கிட் செடியோ நிற்க ஓரிடம் மட்டுமே கேட்கிறது. மரத்திடமிருந்து எதையும் உறிஞ்சுவதில்லை. "அண்ணா, அப்போ ரெண்டும் மரத்து மேலதான் இருக்கு, ஆனா உறவு வேற வேறயா?" என்று என் அண்ணன் மகள் கேட்டபோது, அவள் புத்தகத்தின் ஓர் அத்தியாயம் அவளுக்குப் புரிந்துவிட்டது என்று தெரிந்துகொண்டேன்.

பட்டையில் படர்ந்திருந்த சாம்பல் நிறச் செதில்களைக் காட்டி, இவை லைக்கன்கள், பிரியாணிக்குப் போடும் கல்பாசியும் இந்த வகையைச் சேர்ந்ததே என்றார். பெயரில் பாசி இருந்தாலும் அது ஒற்றை உயிர் அன்று. பூஞ்சை ஈரத்தையும் இருப்பிடத்தையும் தர, அதனுள் வாழும் பாசி ஒளிச்சேர்க்கையால் உணவு தருகிறது. ஆண்டுக்கணக்கில் அதைத் தாளித்துவரும் எனக்கு அன்றுவரை இது தெரியாது.

குறை சொல்ல வேண்டிய இடமும் உண்டு. புறப்படும் முன் கையில் கொடுத்த அச்சுக் கையேட்டில் உணவுச் சங்கிலி என்று புல், மான், சிங்கம் ஆகியவற்றை வரைந்திருக்கிறார்கள். நீலகிரியில் சிங்கம் ஏது? கடமானும் கேளையாடும் சிறுத்தையும் வாழும் மலையைப் பற்றிய கையேட்டில் எங்கிருந்தோ எடுத்த படத்தை ஒட்டுவது, வழிகாட்டியின் உழைப்புக்குச் செய்யும் அநீதி. நல்லவேளையாக அவர் அந்தத் தாளை ஒதுக்கிவிட்டு, ஒரு படியிலுள்ள உயிர்கள் சேர்த்துவைத்த ஆற்றலில் சுமார் பத்தில் ஒரு பங்கே அடுத்த படிக்குப் போய்ச் சேர்கிறது என்பதைச் சொல்லி, இலை தின்னும் பூச்சிகள் எண்ணற்று இருக்க சிறுத்தைகள் ஏன் அரிதாகவே இருக்கின்றன என்று விளக்கினார்.

சோலையின் ஓரங்களில் ஆரஞ்சு நிறப் பூக்களுடன் மண்டியிருக்கும் செஸ்ட்ரம் புதர்களைப் பற்றி இன்னும் விரிவாகப் பேசியிருக்கலாம். மத்திய அமெரிக்கப் பகுதியிலிருந்து அழகுச் செடியாக வந்து, சோலை மரங்களின் கன்றுகள் எழ வேண்டிய இடத்தைப் பிடித்துக்கொண்ட செடி அது. போட்டி என்ற கருத்தை மாணவர்களுக்கு உணர்த்த அதைவிடப் பொருத்தமான காட்சி வேண்டியதில்லை. இரண்டே வாக்கியங்களில் கடந்துவிட்டார்.

இறுதிப் பகுதியில் மண்ணைக் கையில் எடுத்துக் கொடுத்தார். மரவட்டைகளும் பூஞ்சைகளும் சருகை அரித்துப் பொடியாக்கிய கருமண் நெகிழ்ந்து ஈரமாக இருந்தது. வடகிழக்குப் பருவமழையில் குடிக்கும் நீரை இந்த மண் பிடித்துவைத்துக் கோடையில் சிறுகச் சிறுக விடுவதால்தான் கீழேயுள்ள ஊர்களின் ஓடைகள் வற்றாமல் இருக்கின்றன. சிதைப்பவை என்று புத்தகம் ஒரே சொல்லில் முடித்துவிடும் உயிர்கள் இல்லையென்றால் அந்த ஊர்களுக்குக் குடிநீர் இல்லை. இந்தக் காட்டை ஏன் ஈரநிலம் என்கிறார்கள் என்ற என் ஐயமும் அங்கே தீர்ந்தது.

கட்டணம் நியாயமானது. முழங்கால்வரை காலுறை அணிந்து செல்லுங்கள், அட்டைகள் உண்டு. நாங்கள் பன்னிரண்டு பேர் சென்றதால் பின்னால் நின்றவர்களுக்கு விளக்கம் பாதிதான் கேட்டது. ஆறு பேருக்கு மேல் சேர்க்காத நாளாகக் கேட்டுப் பதிவு செய்யுங்கள்.