அம்மாவின் 23 கேசட்டுகளும் திருச்சியில் ஒரு மாடிக் கடையும்

திருச்சி மலைக்கோட்டையைச் சுற்றியுள்ள கடைத்தெரு ஒன்றில், ஒரு துணிக்கடையின் மாடியில், பழைய கேசட்டுகளில் உள்ளவற்றைக் கணினிக் கோப்புகளாக மாற்றித் தரும் பெரியவர் ஒருவர் இருக்கிறார். தனி ஆளாக வேலை செய்வதால் கூட்டம் சேர்ந்தால் தாங்காது என்று சொல்லி, பெயரை எங்கும் எழுதிவிட வேண்டாம் எனக் கேட்டுக்கொண்டார். அந்த வேண்டுகோளை மதிக்கிறேன். ஆனாலும் அவர் செய்து கொடுத்த வேலையைப் பற்றி எழுதாமலிருக்க மனம் வரவில்லை. வீட்டுப் பரணில் கேசட்டுகளை வைத்துக்கொண்டு, அவற்றை யாரிடம் நம்பிக் கொடுப்பது என்று தெரியாமல் இருப்பவர்களுக்கு இது பயன்படும்.

நான் கொண்டுபோன 23 கேசட்டுகளும் என் அம்மாவுடையவை. பெரும்பாலும் எஸ்.பி. பாலசுப்பிரமணியம் பாடியவை. ஊருக்கு ஊர் ரெக்கார்டிங் சென்டர்கள் இருந்த காலத்தில், வேண்டிய பாடல்களைத் தாளில் வரிசையாக எழுதிக் கொடுத்து, 60 நிமிட, 90 நிமிட வெற்று நாடாக்களில் பதிந்து வாங்கியவை. அப்பா 1983 முதல் 1994 வரை மஸ்கட்டில் வேலை பார்த்தார். அந்தப் பதினோரு ஆண்டுகளும் அம்மா தையல் இயந்திரத்துக்குப் பக்கத்தில் டேப் ரெக்கார்டரை வைத்துக்கொண்டு ஊராருக்கு ரவிக்கை தைத்து, அப்பா அனுப்பும் பணத்தோடு தன் பணத்தையும் சேர்த்து எங்களை வளர்த்தார்.

இந்த வேலைக்கு நான் புறப்பட்டதற்குக் காரணம் 2020ஆம் ஆண்டில் நான் செய்த ஒரு தவறு. அந்த ஆகஸ்ட் 5 அன்று, தமக்கு லேசான கொரோனாத் தொற்றுதான், கவலைப்பட வேண்டாம் என்று எஸ்.பி.பி. பேசிய காணொளியை அம்மா பலமுறை பார்த்தார். ஆகஸ்ட் 20 மாலை 6 மணிக்கு அவர் நலம்பெற எல்லோரும் பிரார்த்திப்போம் என்று திரையுலகினர் அழைத்தபோது, விளக்கேற்றி, அவர் பாட்டு ஒன்றைக் கைப்பேசியில் ஒலிக்கவிட்டு அதன் முன் உட்கார்ந்திருந்தார். செப்டம்பர் 25, வெள்ளிக்கிழமை பகலில் இறப்புச் செய்தி வந்ததும் அடுப்பை அணைத்துவிட்டுக் கொல்லைப்படியில் போய் உட்கார்ந்தவர், மறுநாள் தாமரைப்பாக்கத்தில் அடக்கம் முடியும்வரை ஒரு வாய் சோறு உண்ணவில்லை. "அவர் நமக்கு யாரும்மா, இப்படி அழறதுக்கு?" என்று நான் கேட்டேன். சலிப்போடுதான் கேட்டேன்.

அம்மா உடனே பதில் சொல்லவில்லை. பல நாள் கழித்து, வேறேதோ பேச்சுக்கு நடுவில் சொன்னார்: "உங்கப்பா இல்லாத பதினோரு வருஷமும் இந்த வீட்டுல கேட்ட ஆம்பளைக் குரல் அவரோடதுதான்டா. யாருன்னு கேக்குறியே."

திரையிலும் வானொலியிலும் தோன்றுகிறவர்களோடு கேட்பவர்களுக்கு உண்டாகும் ஒருவழி உறவைப் பற்றி அமெரிக்க ஆய்வாளர்கள் டொனால்ட் ஹார்ட்டனும் ரிச்சர்ட் வோலும் 1956இலேயே எழுதியிருக்கிறார்கள். சுற்றியிருப்பவர்கள் ஏற்றுக்கொள்ளாததால் வெளியே காட்ட முடியாமல் போகும் துக்கத்துக்குத் தனியாக ஒரு பெயர் உண்டு என்பதையும், கென்னத் டோக்கா என்பவர் 1989இல் அதை விரிவாக விளக்கினார் என்பதையும் பின்னர்தான் படித்து அறிந்தேன். படித்தபோது கொல்லைப்படியில் அம்மா உட்கார்ந்திருந்ததுதான் நினைவுக்கு வந்தது. அவருக்கு அந்தத் துக்கத்தை மறுத்தவன் நான். நடிகரின் மறைவுக்கு அழுகிறவர்களுக்கு நினைத்துக்கொள்ள ஒரு முகமாவது இருக்கிறது. பின்னணிப் பாடகருக்குத் திரையில் முகம் கிடையாது. 1969இல் எம்.ஜி.ஆருக்குப் பாடியதும், எண்பதுகளில் மோகனுக்குப் பாடியதும், ரஜினிகாந்துக்குப் பாடியதும் ஒரே குரல்தான். முகங்கள் மாறிக்கொண்டே இருக்க, மாறாமல் வீட்டுக்குள் தங்கிவிட்டது குரல் மட்டுமே. அப்பாவின் பிரிவைத்தான் அம்மா இந்தச் சாவில் அழுது தீர்த்தார் என்று என் தங்கை ஒருமுறை சொன்னபோது, "அது வேற, இது வேற" என்று அம்மா மறுத்துவிட்டார். அவர் சொன்னதையே நானும் எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் வேறொரு கடையில் இரண்டு கேசட்டுகளைக் கொடுத்துப் பார்த்தேன். அன்றே மாற்றி, பென் டிரைவில் போட்டுக் கொடுத்துவிட்டார்கள். வீட்டில் போட்டபோது, பல்லவியின் முதல் வரி முடிவதற்குள் அம்மா கையை உயர்த்தி, "இது அவர் குரல் இல்லை" என்றார். நாடா நொடிக்கு 4.76 சென்டிமீட்டர் வேகத்தில் ஓட வேண்டும். அந்தக் கடையின் கருவி சற்றுக் கூடுதல் வேகத்தில் ஓட்டியிருக்கிறது, சுருதி ஏறிவிட்டது. எனக்கு வேறுபாடே தெரியவில்லை. அம்மாவுக்கு ஒரு வரி போதுமாக இருந்தது.

மாடிக் கடைக்காரர் எடுத்த எடுப்பில் எதையும் ஓட்டவில்லை. ஒவ்வொரு கேசட்டையும் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, பூஞ்சை பிடித்தவற்றைத் தனியே வைத்தார். நாடாவை ஹெட்டோடு, அதாவது ஒலியைப் படிக்கும் முனையோடு, அழுத்திப் பிடிக்கும் சிறு கம்பளித் துண்டு ஐந்தில் உதிர்ந்திருந்தது. அவற்றைத் திறந்து புதிதாக ஒட்டினார். பதிவதற்கு முன் ஒவ்வொரு கேசட்டுக்கும் ஹெட்டின் சாய்வைச் சிறிய திருகாணியால் திருப்பி, ‘ச’, ‘ஸ’ ஒலிகள் தெளியும்வரை காதால் கேட்டுச் சரிசெய்தார். வேகத்தை எப்படிச் சோதிக்கிறீர்கள் என்று கேட்டதற்கு, அளவு தெரிந்த சுருதி பதிந்த நாடா ஒன்றை எடுத்துக் காட்டினார். 90 நிமிட நாடாவுக்கு 90 நிமிடம் ஆகத்தான் செய்யும். விரைவாக ஓட்டிப் பதிவதை அவர் ஏற்பதில்லை. 21 கேசட்டுகளுக்கு மூன்று வாரம் எடுத்துக்கொண்டார்.

அவருடைய வேலையில் நான் மிகவும் மதிப்பது இரைச்சல் நீக்கத்தில் அவர் காட்டும் நிதானம். ஒவ்வொன்றையும் இரண்டாகத் தருகிறார்: நாடாவில் உள்ளபடியே ஒன்று, இரைச்சலைக் குறைத்தது ஒன்று. குறைத்ததில் ‘உஸ்’ என்ற நாடா ஓசை மறைந்துவிடுகிறது. அதோடு வரிகளுக்கு இடையே எஸ்.பி.பி. மூச்சை இழுக்கும் ஒலியும், சரணத்தின் நடுவே சிந்தும் மெல்லிய சிரிப்பின் ஓரங்களும் மழுங்குகின்றன. அவர் பாட்டில் அந்தச் சிரிப்புக்கு உள்ள இடத்தை அறிந்தவர்கள் உள்ளபடியே உள்ளதைத்தான் கேட்பார்கள். அம்மாவும் அதைத்தான் கேட்கிறார்.

பதினான்காவது கேசட்டில் பாட்டு இல்லை. அப்பாவுக்கு அனுப்புவதற்காக அம்மா பேசிப் பதிந்து, ஏனோ அனுப்பாமல் வைத்துக்கொண்ட ஒலிக்கடிதம் அது. வளைகுடாவுக்குப் போனவர்களும் வீட்டாரும் அக்காலத்தில் இப்படிக் கேசட்டில் பேசி அனுப்பிக்கொள்வது வழக்கம். அம்மா பள்ளிக் கட்டணத்தையும், கூரை ஒழுகுவதையும், எனக்கு வந்த அம்மையையும் சொல்லிக்கொண்டே போக, பின்னால் வானொலியில் எஸ்.பி.பி. பாடிக்கொண்டிருக்கிறார். கடைக்காரர் அதில் கை வைக்காமல் என்னைத் தொலைபேசியில் அழைத்தார். "தம்பி, அம்மா பேச்சுக்குப் பின்னால ரேடியோ ஓடுது. குறைச்சுத் தரலாம், ஆனா அம்மாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சொல்லுங்க" என்றார். கேட்டேன். "இருக்கட்டும்" என்றார் அம்மா. இந்த ஒரு தொலைபேசி அழைப்புக்காகவே அவரை யாருக்கும் பரிந்துரைப்பேன்.

குறைகளும் உண்டு. மாடிப்படி செங்குத்தானது, முழங்கால் வலி உள்ளவர்கள் ஏற முடியாது. பாட்டுப் பாட்டாகப் பிரித்துத் தருவதில்லை; ஒரு பக்கம் முழுவதும் ஒரே கோப்பாக வருகிறது. பிரித்துப் பெயரிடும் வேலையை நானே செய்தேன், நான்கு இரவுகள் ஆயின. சொன்ன நாளில் ஒருமுறை வேலை முடிந்திருக்கவில்லை. ஒரு கேசட்டுக்கு 250 ரூபாய் வாங்குகிறார். முதல் கடையில் கொடுத்ததைப் போல இரு மடங்குக்கும் மேல். ஆனாலும் பெரிதாகத் தோன்றவில்லை. ஒலியைச் சுருக்காத கோப்புகள் நிமிடத்துக்குச் சுமார் 10 எம்பி இடம் பிடிப்பதால், கொடுக்கும் பென் டிரைவ் 64 ஜிபியாவது இருப்பது நல்லது. கேசட்டுகளில் நாடாவை ஒரு பக்கமாக முழுவதும் சுற்றிவிட்டு, வெயில் படாமல் எடுத்துச் செல்லுங்கள். எது பாட்டு, எது வீட்டார் பேச்சு என்று தெரிந்தால் அட்டையில் எழுதிக் கொடுங்கள்.

முதல் கடையில் கெட்டுப்போன அந்த இரண்டையும் இப்போது இவரிடம் கொடுத்திருக்கிறேன். அவற்றில் ஒன்றில் நாடா இரண்டிடத்தில் கசங்கியிருக்கிறது. நாடாவை வேறு கேசட்டின் கூட்டுக்குள் மாற்றிப் பார்க்கிறேன் என்றிருக்கிறார். அந்தப் பக்கத்தில் ஐந்தாவது பாட்டு மட்டும் கிடைத்தால் போதும் என்று சொல்லச் சொன்னார் அம்மா.