யானையின் தும்பிக்கையில் ஓட்டை: தலைவாசல் மாற்றப் போன கதை

இந்த ஜூலையில் மூன்று வார லீவில் தென்காசிக்குப் போய்விட்டு வந்தேன். விமானம், டாக்சி, பாங்க் வேலை, ஆதார் திருத்தம் எல்லாம் நன்றாகவே நடந்தன, அவற்றைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. கதவைப் பற்றித்தான் எழுத வேண்டும். டாலஸ் திரும்பிப் பத்து நாளாகியும் எனக்கு ஆறவில்லை.

எங்களுடையது தாத்தா கட்டிய வீடு. திண்ணை, தார்சா, பட்டாசல், அடுக்களை, புறவாசல் என்று ரயில் பெட்டி மாதிரி ஒன்றன்பின் ஒன்றாகப் போகும். தெருவில் நின்று பார்த்தால் தலைவாசல் வழியே புறவாசல் கிணற்றடி வரை தெரியும். கதவு இரட்டைக் கதவு. அதற்குக் கீல் கிடையாது. மேலும் கீழும் நீட்டிக்கொண்டிருக்கும் குடுமி, நிலையில் வெட்டிய குழிக்குள் சுழலும். திறக்கும்போது கிழவர் தொண்டையைச் செருமுவதுபோல ஒரு சத்தம் வரும். அப்பா கல்லூரிக் காலத்தில் இரண்டாம் ஆட்டம் சினிமாவுக்குப் போகுமுன் அந்தக் குழியில் தேங்காய் எண்ணெய் விட்டுவிட்டுத்தான் கிளம்புவாராம். உள்ளே குறுக்கே போடக் கணையமரம். கதவின் உள்பக்கம் ஆச்சி கரித்துண்டால் போட்ட பால் கணக்குக் கோடுகள் இன்னும் மங்கலாக இருக்கின்றன.

அப்பா போனபிறகு அம்மா அங்கே தனியாக இருக்கிறாள், வயது 74. இடதுபக்க நிலைக்கால் அடியில் கரையான் மண் ஏறியிருப்பதை வீடியோ காலில் பார்த்ததும் எனக்குப் பயம் வந்துவிட்டது. காலையில் ஐந்து மணிக்குத் திறந்தால் ராத்திரி ஒன்பது வரை திறந்தே கிடக்கிற கதவு, அதிலும் கரையான். இந்தத் தடவை மாற்றியே தீருவது என்று முடிவு செய்துகொண்டுதான் விமானம் ஏறினேன்.

புறவழிச்சாலையில் ஏசி போட்ட கதவுக் கடை ஒன்று. பெயர் வேண்டாம். நுழைந்ததும் பாதாம்பால் கொடுத்தார்கள். அப்புறம் டேப்லெட்டோடு ஒரு பையன் வந்து உட்கார்ந்து, "சார், உங்க வீட்டோட கேரக்டர் என்ன? ட்ரெடிஷனலா, மாடர்னா, ஃபியூஷனா?" என்று கேட்டான். பதினேழு வருஷம் அமெரிக்காவில் இருந்தவன் வேறு என்ன சொல்வேன்? "ஃபியூஷன்" என்றேன். அன்றைக்குப் பிடித்தது சனி.

அமெரிக்காவில் கதவு வாங்கிய அனுபவம் எனக்கு உண்டு. எங்கள் எச்ஓஏவில், அதாவது குடியிருப்பு வீட்டுக்காரர் சங்கத்தில், முன்கதவுக்கு என்ன நிறம் அடிக்கலாம் என்பதற்குப் பட்டியல் இருக்கிறது. பழுப்பிலிருந்து கருநீலத்துக்கு மாற்ற விண்ணப்பம் போட்டு ஒரு மாதம் காத்திருந்தேன். 36க்கு 80 அங்குலம், நிலையோடு சேர்த்தே வரும், இரண்டு பேர் வந்து அரை நாளில் மாட்டிவிட்டுப் போனார்கள். ஆனால் அந்தக் கதவு வழியாக நாங்கள் யாரும் போவதில்லை. எல்லோருக்கும் கராஜ்தான் வழி. முன்கதவு அமேசான் பெட்டிக்கு மட்டும்.

சரி, கடைக்கு வருவோம். "பர்மா தேக்கு இருக்கா?" என்றேன். "ஒரிஜினல் பர்மா சார்" என்றான். மியான்மர் 2014 ஏப்ரலிலேயே உருட்டுக்கட்டை ஏற்றுமதியை நிறுத்திவிட்டதே என்றதும், கண் இமைக்காமல், "அப்போ கானா சார்" என்றான். இப்போது தூத்துக்குடியில் வந்து இறங்கும் தேக்கில் பெரும்பகுதி கானா, ஈக்வடார் மாதிரி நாடுகளின் தோட்டத்து மரம். இருபது, இருபத்தைந்து வருஷத்தில் வெட்டிவிடுவதால் வைரம் என்கிற உறுதியான நடுமரம் குறைவு, வெளுப்பு என்கிற ஓரத்து இளமரம் அதிகம். கரையான் முதலில் வாய் வைப்பது அந்த வெளுப்பில்தான். அப்பாவாக இருந்தால் பஸ் ஏறிச் செங்கோட்டை மரமில்லுக்குப் போய், கட்டையைத் தட்டிப் பார்த்து, கன அடிக் கணக்கில் வாங்கி அறுத்து, ஆறு மாசம் நிழலில் அடுக்கிக் காயவிட்டு, அதற்கப்புறம் ஆசாரியைத் திண்ணையில் உட்கார வைத்திருப்பார். எனக்கு இருந்தது மூன்று வாரம். கம்ப்யூட்டர் மெஷினில் கஜலட்சுமி செதுக்கிய கதவு, கைரேகைப் பூட்டு, மாட்டும் கூலி எல்லாம் சேர்த்து ஒரு லட்சத்து முப்பத்தைந்தாயிரம். பத்து நாளில் வந்துவிடும் என்றார்கள்.

பதினான்காம் நாள் வந்தது. வெள்ளிக்கிழமை, காலை பதினொன்று. அம்மா வாசலை மறித்து நின்றுகொண்டாள். வெள்ளிக்கிழமை பத்தரை முதல் பன்னிரண்டு ராகுகாலம், நிலையில் கையை வைக்கவே கூடாது. பன்னிரண்டுக்கு அவர்கள் சாப்பிடப் போய்விட்டார்கள். திரும்பி வந்தது மூன்றேகாலுக்கு, அப்போது எமகண்டம். நாலரை வரை நான்கு ஆட்களும் திண்ணையில் படுத்துத் தூங்கினார்கள். அதுவரை எனக்கு எரிச்சல் அம்மா மேல்தான் இருந்தது.

பேக்கிங்கைப் பிரித்தபோதுதான் பார்த்தேன். லட்சுமிக்கு இரண்டு பக்கமும் யானை. வலதுபக்க யானையின் தும்பிக்கை இருக்கவேண்டிய இடத்தில் பூட்டுக்காகச் சதுரமாக ஓட்டை போட்டிருந்தார்கள். பூட்டின் கறுப்புத் தகடு யானையின் முகத்தில் பாதியை மூடிவிட்டது, ஒரு கண் மட்டும் மேலே எட்டிப் பார்த்தது. கடைக்குப் போன் செய்தால், "டிசைன் நீங்க ஓகே பண்ணது சார், லாக்கும் நீங்க ஓகே பண்ணது சார்." இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்க்கவேண்டியது யார் என்று கேட்டேன். பதில் இல்லை. திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள் என்றால், "சாமி செதுக்கினத ரிட்டர்ன் எடுக்க மாட்டோம் சார்."

இன்னொன்று. நிலைக்குக் கீழ்ப்படியே இல்லை. மூன்று பக்கம்தான். "இப்ப எல்லாம் இதான் சார், வீல்சேர் போகும்" என்றார்கள். வெள்ளிதோறும் மஞ்சள் பூசிக் குங்குமம் வைக்கிற படி எங்கே என்று அம்மா தரையைத் தேடினாள். அன்று ராத்திரியே சாரல் தண்ணீர் தார்சா வரை வந்தது, கூடவே ஒரு பூரானும்.

இவ்வளவையும்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். மறுநாள் விடியற்காலை நடந்ததுதான் பெரிது.

அம்மா வழக்கம்போல ஐந்து மணிக்கு வாசல் தெளிக்க வெளியே போயிருக்கிறாள். ஐந்து விநாடியில் கதவு தானாகச் சாத்திப் பூட்டிக்கொண்டது. கோலம் போட்டுவிட்டு வந்து விரலை வைத்தால் சிவப்பு விளக்கு. விரல் முழுக்கக் கோலமாவு. முந்தானையில் துடைத்துவிட்டு வைத்தாலும் சிவப்புதான். ரேஷன் கடை மெஷினே அம்மாவின் ரேகையைப் பிடிக்காமல் கண்ணைக் காட்டச் சொல்லும். ஐம்பது வருஷம் அம்மியிலும் ஆட்டுரலிலும் தேய்ந்த விரல். அது எனக்குத் தெரியும், வருஷாவருஷம் அம்மா சொல்லிச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். கடையில் உட்கார்ந்திருந்தபோது மட்டும் ஞாபகம் வரவில்லை.

நான் மச்சில் ஏசியைப் போட்டு, ஜெட்லாக் மிச்சத்தில், போனை சைலன்டில் வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தேன். ஏழரைக்கு ஜன்னலில் கல் விழுந்து எழுந்தேன். எட்டிப் பார்த்தால் கீழே பால்காரர், எதிர்வீட்டு அத்தை, டியூஷனுக்குப் போகிற நாலு பையன்கள், நடுவில் திண்ணையில் கோலமாவுக் கிண்ணத்தோடு அம்மா. அத்தை காபி போட்டுக் கொடுத்திருந்தாள். அம்மா திட்டியிருந்தால்கூடத் தேவலை. "தூங்கட்டும்னு விட்டுட்டேன்யா" என்றாள். அத்தைதான் சும்மா இருக்கவில்லை: "ஏ மருமவனே, இது கதவா, இல்ல பேங்கு லாக்கரா?"

அங்கே நிறத்துக்கு மட்டும் எச்ஓஏ. இங்கே மரம், பூட்டு, யானை, படி, நான் எழுந்த நேரம் எல்லாவற்றுக்கும் தெருவே கமிட்டி. விண்ணப்பம்கூடத் தேவையில்லை.

நம்பர் போட்டும் திறக்கலாம் என்று சொல்லிக்கொடுத்தேன். சாயங்காலம் வெளியே போய்விட்டு வந்தபோது, அழைப்பு மணிக்கு மேலே, வெள்ளைச் சுவரில், பென்சிலால் கொட்டை எழுத்தில் நாலு எண். "மறந்துரும்லா, அதான்" என்றாள். அதைப் பார்த்தபிறகு ஆசாரியைக் கூப்பிட்டு அனுப்பினேன்.

வந்தவருக்கு எழுபது இருக்கும். முதலில் புதுக் கதவைப் பார்க்கவே இல்லை. புறவாசலில் சாய்த்து வைத்திருந்த பழைய கதவுக்கும் நிலைக்கும் போனார். அதற்கு ஏற்கெனவே ஒருவர் விலை பேசிவிட்டுப் போயிருந்தார், காரைக்குடிப் பழைய சாமான் கடைகளுக்கு வாங்கிக் கொடுப்பவர். டாலஸ் பக்கத்து ஃபிரிஸ்கோவில் ஒரு நண்பர் வீட்டில் இதேபோல ஒரு கதவு, மேலே கண்ணாடி போட்டு, காபி டேபிளாகக் கிடக்கிறது. அதன்மேல் நானே கோப்பை வைத்திருக்கிறேன்.

ஆசாரி உளியின் பின்பக்கத்தால் நிலைக்காலை அடியிலிருந்து தட்டிக்கொண்டே போனார். பொத் பொத் என்றது. ஒரு முழம் தாண்டியதும் சத்தம் மாறியது, டங்கென்று. இன்னும் மேலே தட்டினார், டங். "இவ்வளவுதான் தம்பி" என்று விரலால் கோடு போட்டார். "டைல்ஸ் போடும்போது தரையை ஒசத்திட்டீங்கள்லா? நிலைக்கால் சிமெண்டுக்குள்ள மாட்டிக்கிட்டு. ஈரம் போவ வழியில்ல. கரையானுக்குச் சோறு போட்டது நீங்கதான். கதவுல ஒரு பூச்சி கிடையாது."

"முன்னாடியே உங்களைக் கூப்பிட்டிருக்கணும், ஆசாரி."

"கூப்பிட்டா வந்திருப்பேன். அடுத்த தெருதானே."

இரண்டு நாள் வேலை. அழுகின ஒரு முழத்தைச் சாய்வாக அறுத்து எடுத்து, நாட்டுத் தேக்கில் வைரமாகப் பார்த்து ஒரு துண்டைக் கோத்து, மரஆணி அடித்தார். அடியில் ஒரு விரல் உயரத்துக்குக் கருங்கல் சில்லு வைத்துத் தரை ஈரம் ஏறாதபடி செய்தார். கீழ்ப்படியை அப்படியே திரும்ப வைத்தோம், அம்மா காசும் நவதானியமும் போட்டாள். செலவு ஒன்பதாயிரம். அம்மாவுக்குப் பாதுகாப்பு வேண்டுமே என்றதற்கு, பகலில் சாத்திக்கொள்ளத் திண்ணைக்கு வெளியே இரும்பு அழிக்கதவு ஒன்று, உள்ளே சாதாரணப் பூட்டு, அவ்வளவுதான். அதற்குள் கை விட்டு அத்தை இப்போதும் காபி வாங்கிக்கொண்டு போகிறாள்.

புதுக் கதவு? பின்வாசலில் மாட்டலாம் என்றேன். லட்சுமியைத் தொழுவத்தைப் பார்த்து வைப்பதா என்று அம்மா கேட்டாள். விற்கலாம் என்றால் லட்சுமியை விற்பதா என்றாள். கடைசியில் மச்சில் நான் படுக்கிற அறைக்கு அதை மாட்டினார் ஆசாரி, முகத்தைச் சுளித்துக்கொண்டே. பூட்டைக் கழற்றியாகிவிட்டது. ஓட்டை இருக்கிறது.

முந்தாநாள் அம்மா போனில் பேசினாள். அந்த ஓட்டையில் குளவி கூடு கட்டியிருக்கிறதாம். உடனே கலைத்துவிடு என்றேன். கலைக்கவே கூடாதாம், குளவி கட்டினால் வீட்டில் பிள்ளை பிறக்கும். எதிர்வீட்டு அத்தை மாடியேறி வந்து மண்ணைப் பார்த்துவிட்டு ஆண் பிள்ளை என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். எனக்கு வயது 47. ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். என் மனைவி சிரிக்கவில்லை.