குழந்தைகளுக்கான ஜிபிஎஸ் கைக்கடிகாரம்: கூட்டத்தில் தவறிய பிள்ளையைத் தேட எவ்வளவு உதவும்?

என் மகளுக்கு வாங்கிய ஜிபிஎஸ் கைக்கடிகாரத்தைப் பல மாதங்களாகப் பயன்படுத்தி வருகிறோம். சிம் அட்டை பொருத்தப்பட்டது. நாம் பதிவு செய்து வைத்த எண்களுடன் மட்டும் பேசக்கூடியது. இருக்கும் இடத்தைப் பெற்றோரின் கைப்பேசிச் செயலிக்கு அனுப்பிக்கொண்டே இருப்பது. இதைக் கட்டிவிட்டால் பிள்ளை தொலைந்துபோகும் பயமே இல்லை என்பதுபோல் விளம்பரங்கள் பேசுவதால், வாங்க நினைக்கும் பெற்றோருக்கு என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கூட்டத்தில் கை நழுவிய குழந்தை தானே பெற்றோரை அழைப்பதற்கு இது மிக நல்ல கருவி, வரைபடத்தைப் பார்த்து நாம் போய்க் கண்டுபிடிப்பதற்கு அந்த அளவுக்கு நம்பத்தக்கது அல்ல.

காரணம் எளிது. ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. இடத்தைச் சரியாகக் கணிக்க அவற்றில் குறைந்தது நான்கின் சமிக்ஞையாவது கிடைக்க வேண்டும். திறந்த மைதானத்தில் இது தடையின்றி நடக்கிறது. கான்கிரீட் கூரைக்குக் கீழே சமிக்ஞை மங்கிவிடுவதால், கடிகாரம் அருகிலுள்ள வைஃபை இணைப்புகளையும் கைப்பேசிக் கோபுரங்களையும் கொண்டு இடத்தை ஊகிக்கத் தொடங்குகிறது. கோபுரத்தை மட்டும் நம்பிய கணிப்பு பல நூறு மீட்டர் விலகிப்போகலாம். பல மாடி வணிக வளாகம் ஒன்றில் மகளும் அவள் அம்மாவும் மேல்தளத்தில் நிற்க, நான் கீழே நின்று செயலியைத் திறந்து பார்த்தேன். நீலப் புள்ளி எதிர்ச்சாரியில் இருந்தது. அதைச் சுற்றிய வெளிர்நீல வட்டம் சாலையையும் வளாகத்தையும் சேர்த்தே விழுங்கியிருந்தது. எந்தத் தளம் என்பதற்கு எந்தக் குறிப்பும் இல்லை. புள்ளிக்குக் கீழே சிறிய எழுத்தில் கடைசியாகப் புதுப்பிக்கப்பட்ட நேரம் வரும். பதற்றத்தில் அதைப் பார்க்கத் தவறினால், குழந்தை முன்பு இருந்த இடத்தை இப்போது இருக்கும் இடம் என்று நம்பி ஓடிவிடுவோம். அடிக்கடி புதுப்பிக்கும்படி அமைக்கலாம். ஆனால் மாலைக்குள் பேட்டரி தீர்ந்துவிடும்.

இதற்கு நேர்மாறாக, எஸ்ஓஎஸ் பொத்தான் எனக்கு முழு மனநிறைவு அளித்தது. அதைச் சில விநாடிகள் அழுத்திப் பிடித்தால் முதல் எண்ணுக்கு அழைப்பு போகிறது. எடுக்காவிட்டால் அடுத்த எண்ணுக்கு மாறுகிறது. தொடக்கத்தில் மகள் அழுத்தியவுடன் விரலை எடுத்துவிடுவாள், அழைப்பு போகாது. "ஒன்று, இரண்டு, மூன்று" என்று சத்தமாக எண்ணியபடியே அழுத்தப் பழக்கிய பிறகுதான் சரியாயிற்று. அழைப்பில் அவள் குரலைக் கேட்டு, "அங்கேயே நில் கண்ணு, உன் பக்கத்தில் என்ன தெரிகிறது?" என்று கேட்பது எந்த வரைபடத்தையும்விட வேகமாக வேலை செய்கிறது. இந்தப் பயிற்சி இல்லாமல் கடிகாரத்தை மட்டும் கட்டிவிடுவதில் பயனில்லை.

விலை குறைவு என்பதற்காக எதையாவது வாங்கிவிட வேண்டாம் என்று வற்புறுத்திச் சொல்கிறேன். 2017 அக்டோபரில் நார்வே நுகர்வோர் மன்றம் இத்தகைய கடிகாரங்களைச் சோதித்து, அவற்றில் சிலவற்றை அந்நியர்கள் கைப்பற்றிக் குழந்தையின் இடத்தை அறியவும் குழந்தையைத் தொடர்புகொள்ளவும் முடியும் என்று காட்டியது. அடுத்த மாதமே ஜெர்மனி, குழந்தைக்குத் தெரியாமல் சுற்றுப்புறப் பேச்சை ஒட்டுக்கேட்கும் வசதி கொண்ட கடிகாரங்களைத் தடைசெய்தது. காப்பதற்காகக் கட்டிய கருவியே குழந்தை இருக்கும் இடத்தை அந்நியருக்குச் சொல்லிக் கொடுக்குமானால், அதைவிட வெறுங்கை மேல். ஒட்டுக்கேட்கும் வசதி உள்ளதை ஒதுக்குங்கள். வாங்கியவுடன் செயலியின் ஆரம்பக் கடவுச்சொல்லை மாற்றுங்கள். தயாரிப்பாளர் மென்பொருளைத் தொடர்ந்து புதுப்பிக்கிறாரா என்று விசாரியுங்கள்.

எந்தக் கடிகாரமும் எட்டாத இடம் ஒன்று உண்டு. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் காணாமற்போனதாகப் பதிவாகும் சிறுவர்களில் பெரும்பான்மையினர் வீட்டைவிட்டுத் தாமே வெளியேறியவர்கள். வெளியேறத் தீர்மானித்த பிள்ளை முதலில் கழற்றிப்போடுவது இதைத்தான். கழற்றினால் எச்சரிக்கும் வசதி சில கடிகாரங்களில் இருந்தாலும், அது சொல்வது கடிகாரம் கிடக்கும் இடத்தையே. வளர்ந்த பிள்ளைகளுக்கு இதை ஒரு காவலாகப் பரிந்துரைக்க எனக்கு மனம் வரவில்லை. வீட்டில் அவர்களுக்கு என்ன தாங்க முடியாமல் இருக்கிறது என்று உட்கார்ந்து கேட்பதே அங்கே தேவைப்படுகிறது.

கடிகாரம் இருக்கிறது என்ற தைரியத்தில் காவல்துறையிடம் போவதைத் தள்ளிப்போடுவதும் ஆபத்து. 24 மணி நேரம் கழித்துத்தான் புகார் தர வேண்டும் என்ற நம்பிக்கை பலரிடம் இன்னும் இருக்கிறது, அது தவறு. காணாமற்போன குழந்தைகளின் புகாரைப் பதிவதற்குக் காத்திருப்புக் காலம் எதுவும் வைக்கக் கூடாது என்று அமெரிக்கா 1990-லேயே சட்டம் இயற்றியது. முதல் சில மணி நேரம்தான் தேடுவோருக்குக் கிடைக்கும் பெரிய பலம். அப்போது கேட்கப்படுபவை அண்மையில் எடுத்த முகம் தெளிவான புகைப்படம், உயரம், அங்க அடையாளம், உடுத்தியிருந்த உடை ஆகியவை. வெளியே கிளம்பும்போது வாசலிலேயே மகளை முழு உருவமாக ஒரு படம் எடுத்துவிடுகிறேன்; உடை, காலணி எல்லாம் அதில் பதிவாகிவிடும். என் கைப்பேசி எண்ணையும் அவள் மனப்பாடமாகச் சொல்வாள், கடிகாரம் அணைந்துபோனால் அருகிலிருப்பவரின் கைப்பேசியிலிருந்து அழைப்பதற்காக.

வாங்குவோர் 4ஜி வசதி உள்ளதையே தேர்ந்தெடுக்க வேண்டும். பல நாடுகளில் 2ஜி, 3ஜி சேவைகள் நிறுத்தப்பட்டு வருவதால் அவற்றை மட்டும் நம்பிய கடிகாரங்கள் அழைக்க முடியாமல் போகும். பட்டையின் கொக்கி குழந்தையின் மெல்லிய மணிக்கட்டில் இறுகப் பொருந்துகிறதா என்பதைக் கடையிலேயே கட்டிப் பாருங்கள். எங்களுடையதில் கடைசித் துளையும் தளர்வாக இருந்ததால், வேறு பட்டை மாற்ற வேண்டியதாயிற்று.